பள்ளத்தாக்கில் மச்சானின் மூச்சு

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மச்சான் எங்கள் வாசலில் வந்து சைக்கிள் மணியை விடாமல் அடித்த அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் ராத்தாவை, அதாவது மூத்த சகோதரியை, கலியாணம் முடித்தவர் அவர். மருதமுனையில் புடைவைக் கடை வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி அது. நான் படித்து முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். பெருநாள் கழிந்த வாரமாகையால் கடையும் பூட்டியிருந்தது.

"இறக்காமத்துக்கு அங்கால ஒரு பள்ளத்தாக்கு இரிக்காம். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஆறு. பாத்துட்டுப் பின்னேரம் அசருக்கு முந்தி வந்திருவம், வா" என்றார்.

ராத்தாவுக்கு இந்த ஊர்சுற்றல் பிடிக்காது. மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. புழுதி பட்டால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். டாக்குத்தர் தந்த குளிசை போட்டால்தான் அடங்கும். அந்தக் குளிசைகளையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் பாண் ரொட்டியையும் ஒரே துணிப்பையில் போட்டுச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தார்.

ஆளுக்கொரு சைக்கிளில் வரிப்பத்தான்சேனை வயல்களைக் கடந்ததும் கிறவல் பாதை ஒடுங்கி மாட்டுத் தடமானது. பிறகு அதுவும் கல்லாகிப் போனது. ஒரு மருத மரத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஆற்றோரமாக நடந்தோம். எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு வேலி, எந்நேரமும் ஆள் சத்தம். இங்கே தண்ணீர் கல்லில் மோதுவதைத் தவிர வேறு சத்தமே இல்லை. மச்சான் காலைத் தண்ணீரில் விட்டபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைச் சுவரப் பாத்துப் பாத்து என்ட கண்ணு சின்னனாப் போச்சுடா" என்றார்.

திரும்பும்போது ஆளுயர இலுக்குப் புல்லுக்குள்ளால் குறுக்கே வந்தோம். அதன் தூள் மூக்கில் ஏறியிருக்க வேண்டும்; புல்லை விட்டு வெளியேறும்போதே அவருக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. பரவாயில்லை, மரத்தடியில் குளிசை இருக்கிறது என்று எட்டி நடந்தோம். மரத்தடியில் யானை நின்றது.

தனித்த ஆண் யானை. அது எங்களைக் காணவில்லை. தும்பிக்கையால் துணிப்பையைத் தடவிக்கொண்டிருந்தது. வாழைப்பழ வாசம் அதை இழுத்திருக்கிறது. ஒரு பாறைக்குப் பின்னால் இருவரும் குந்தினோம். மச்சானின் மூச்சு விசில் மாதிரி ஒலித்தது. அதை அடக்கத் தோளில் கிடந்த துவாய்த் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பொத்தப் பொத்த அது கூடியது. யானையின் காதுகள் விரிந்து அப்படியே நின்றன. கல்லெறிந்து திசை திருப்பலாம் என்று நான் எழும்பப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அசையாத. உன்ட உம்மாக்கு நான் என்ன பதில் சொல்ற?"

அந்த நேரம் அவரது உதடு நீலம் பாரித்திருந்தது. அப்படியும் பிடி தளரவில்லை. யா அல்லாஹ், இந்தச் சத்தத்தை நிறுத்து என்று நான் மனதுக்குள் இறைஞ்சினேன்.

யானை பையை இழுத்தது. சைக்கிள்கள் சரிந்தன. ஒன்றின் முன்சில்லை மிதித்து நெளித்துவிட்டு, பையோடு மெல்ல ஆற்றை நோக்கி இறங்கிப் போனது. குளிசைகளும் போயின.

மச்சானை, நெளியாமல் மிஞ்சிய சைக்கிளின் பின்னால் ஏற்றினேன். பிடித்துக்கொள்ள அவருக்குப் பலமில்லை. துவாயால் அவர் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தேன். அவரது தலை என் முதுகில் கிடந்தது. விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து வந்தது. சற்று முன் நின்றுவிட வேண்டும் என்று நான் கேட்ட அதே சத்தத்தை, இப்போது நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு மிதித்தேன். "மச்சான், கதைங்க, ஏதாவது கதைங்க" என்று கத்தினேன்.

வரிப்பத்தான்சேனையில் முதல் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். "அல்லாஹ்வே, ஆருட புள்ள இவரு? இறக்குங்க, இறக்குங்க!" என்று ஓடிவந்தவர், வயலில் நின்ற கணவரைக் கூவி அழைத்தார். அவர் உழவு மெஷினை, பின்னால் பூட்டிய பெட்டியோடு கொண்டுவந்தார். அந்தப் பெண்ணும் ஏறி, ஆஸ்பத்திரி வரும்வரை மச்சானைச் சரிய விடாமல் நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஊசி போட்ட பிறகுதான் அவரது நெஞ்சு இறங்கியது.

தகவல் கேட்டு வந்த ராத்தா கட்டிலருகே உட்கார்ந்து அவரது காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார்.

கொஞ்ச நாளில் மச்சான் சைக்கிளைத் திருத்திக்கொண்டு வந்து நிறுத்தினார். சண்டை வரும் என்று நினைத்தேன். ராத்தா உள்ளே போய் அவரது சேட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றின் உட்புறத்திலும், நெஞ்சுப் பக்கம், குளிசை கொள்ளுமளவு ஒரு சிறு பொக்கெட் தைத்திருந்தார்.

"நான் மறிச்சா நிக்கவா போறீங்க? போங்க. ஆனா மூச்ச இனிப் பைக்குள்ள தொங்கப் போடாதீங்க. மேலோட கொண்டு போங்க."

எண்பதுகளின் நடுவில் யுத்தம் மூண்டு அந்தப் பக்கம் யாரும் தலைகாட்ட முடியாத காலம் வந்தது. அதற்கு முன் இன்னும் இரண்டு தடவை நாங்கள் அங்கே போய் வந்தோம். மச்சான் மலையைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவரது மூச்சைக் கேட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன்.