வெல்டாவைக் கடல் கைவிட்ட வருஷம்

எங்கள் ஊரில் கடலில் நீந்துகிறவர்கள் சுற்றுலா வந்தவர்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடலுக்குப் போவது குளிக்க. குளிப்பதென்றால் மல்லாந்து மிதந்துகொண்டு வம்பு பேசுவது. பார்படோஸில் சர்ச்சுக்கு வராதவளைக்கூட மன்னித்துவிடுவோம். ஞாயிறு கடலுக்கு வராவிட்டால், உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க ஆள் அனுப்புவோம்.

அதிலும் ஒரு முறை உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் வானிலை, மீன் விலை, பாஸ்டரின் இருமல், இவ்வளவுதான் பேச்சு. கால் தரையைத் தொடாத ஆழத்துக்குப் போன பிறகுதான் நிஜமான பேச்சு ஆரம்பமாகும். யார் வீட்டுப் பின்கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதெல்லாம் அங்கேதான். ஆழத்தில் பேசியதைக் கரையில் வாய் திறக்கக் கூடாது. நீங்கள் எங்கள் கடற்கரை ஆட்கள் இல்லை என்பதால் சொல்கிறேன்.

அந்த ஆழத்துக்கு ராணி வெல்டா. சனிக்கிழமைகளில் பன்றித் தலையையும் காலையும் அவித்து, எலுமிச்சைச் சாற்றில் வெள்ளரிக்காயோடு ஊறவைத்து வீட்டு வாசலில் விற்பவள். விற்றது போக மிச்சத்தை அவளே சாப்பிடுவாள். சில வாரம் விற்பதற்கு முன்பே மிச்சம் வந்துவிடும். நூற்று அறுபது கிலோ. நானும் ஒன்றும் ஒல்லி இல்லை, அவள் பக்கத்தில் மிதந்தால்தான் ஒல்லியாகத் தெரிவேன். தண்ணீரில் மல்லாந்தாளென்றால் கைகூட அசைக்க மாட்டாள். நீச்சல் தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை. பயந்தாங்கொள்ளிகள் நாலு பேர் அவள் தோளைப் பிடித்துத் தொங்கினாலும் அவள் பேச்சு நிற்காது.

அப்படிப்பட்டவள் எங்களில் ஒருத்தியிடமும் சொல்லாமல் நியூயார்க்கிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், அங்கே ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிக்கொண்டாள். இரைப்பையை வாழைப்பழ அளவுக்குக் குறுக்கி, மிச்சத்தை எடுத்து எறிந்துவிட்டார்களாம். ஒரு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்கு என்னோடு வந்த கோரீன், “எங்க வெல்டாக்காவைப் பாத்தீங்களா?” என்று அவளிடமே கேட்டாள். கோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். எங்களில் வயதில் இளையவள், நாக்கு மட்டும் எல்லோருக்கும் மூத்தது.

“யாருக்காகக்கா இந்த இளைப்பு? சனிக்கிழமை உன் வாசல்லயே நிப்பாரே, அந்த பஸ் டிரைவருக்கா?” என்று அவள் காரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“ஆழத்துல வந்து சொல்றேன்டி.”

“எனக்காச்சும் சொல்லுடி. நாப்பது வருஷப் பழக்கம்” என்றேன் நான்.

“உனக்கும் ஆழத்துலதான், மெர்ல்.”

அந்த வாரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் மேல் அக்கறையால் அல்ல.

முதல் ஞாயிறு அவள் வரவில்லை, உடம்பு அலுப்பென்றாள். அடுத்த ஞாயிறு வந்தாள், பழைய நீச்சலுடையை அங்கங்கே ஊசி குத்தி மாட்டிக்கொண்டு. கழுத்தளவுக்கு நடந்து வந்து, கட்டிலில் சாய்கிறவளைப்போல எப்போதும்போலச் சாய்ந்தாள். முதலில் கால் போனது. பிறகு இடுப்பு போனது. “அட” என்று சொல்லத் திறந்த வாயோடு முகமும் போனது. உடைக்குள் தண்ணீர் புகுந்து மூட்டை மாதிரி உப்பிக்கொள்ள, கோரீன் தோள்பட்டியைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

“உடுப்புதான்டி காரணம்” என்றாள் வெல்டா, இருமி முடித்ததும்.

அடுத்த ஞாயிறு அளவாகத் தைத்த புது சிவப்பு உடுப்பில் வந்தாள். முந்தினதைவிட வேகமாக மூழ்கினாள்.

கரையில் பாதாம் மரத்தடியில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த டெய்ட்டன் எழுந்து வந்தார். முப்பது வருஷம் மீன் பிடித்தவர். நீச்சல் தெரியாது. கேட்டால், படகு எதற்கு இருக்கிறது என்பார்.

“சூப்பு வச்சுப் பாத்ததில்லையா வெல்டா? கொழுப்பு மேல மிதக்கும். எலும்பு அடியிலதான் கெடக்கும்.”

“உங்க தலை நல்லா மிதக்கும்ண்ணே. உள்ள ஒண்ணும் இல்லல்ல.”

அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு லாரி டியூபைக் கொண்டுவந்து போட்டார். வெல்டா அதன் நடுவில் உட்கார்ந்தாள், ஓட்டை வழியாக நழுவி அடியில் போய்ச் சேர்ந்தாள். முன்பெல்லாம் அதில் அவள் ஒரு காலைத்தான் நுழைத்திருக்க முடியும். சுற்றுலாக்காரர்கள் அக்குளில் வைத்து மிதக்கும் பஞ்சுக் குழாய் ஒன்றைக் கோரீன் வாங்கி வந்தாள்.

“வெள்ளைக்காரக் கிழவிங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டு மிதக்குற குழாயா? இதுக்கு நான் வீட்டுலயே செத்துப்போயிருவேன்.”

“அப்ப என் தோளைப் பிடிச்சுக்கோ” என்றேன்.

“இந்தக் கடல்ல எல்லாரும் என்னைப் பிடிச்சுத் தொங்கினாங்க. நான் ஒருத்தியையும் பிடிக்க மாட்டேன்.”

ஆக, ராணி இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி மீன் விலை பேசினாள். தூரத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் காரணம் தெரியாமலே போய்விடுமோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது. ஊரோ ஆளுக்கொரு கதை கட்டியது. பஸ் டிரைவர் என்றார்கள், நியூயார்க்கில் ஒரு கிழவன் என்றார்கள். சனிக்கிழமை வியாபாரமும் படுத்துவிட்டது. சமைக்கிறவளே ரெண்டு ஸ்பூனோடு நிறுத்தினால் உள்ளே என்ன போட்டிருக்கிறாளோ என்று ஆட்களுக்குச் சந்தேகம். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: “ஆழத்துல வந்து சொல்றேன்.”

கடைசியில் பொறுமை போனது கோரீனுக்குத்தான். “அக்கா, மிதக்கத்தானே முடியல? நீந்தலாமே. நான் சொல்லித் தர்றேன்.”

அறுபத்தோரு வயதுக்காரி கடித்துத் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். வெல்டா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரிடி” என்றாள்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கூத்துதான். கோரீன் அடிவயிற்றில் கை கொடுத்துத் தாங்குவாள். “அக்கா, நான் உன்னைப் பிடிச்சிருக்கேனா, உன் தோலை மட்டும் பிடிச்சிருக்கேனான்னே தெரியல” என்பாள். வெல்டா உதைக்கிற உதையில் சுற்றுவட்டார மீனெல்லாம் ஊரைக் காலி செய்தது. ஒரு ஞாயிறு பாஸ்டர் நாலு பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்க வெள்ளை அங்கியோடு கடலில் இறங்கினார். இவள் கையும் காலும் அடித்துத் துடிப்பதைப் பார்த்துப் பரவசமாகிவிட்டார்.

“ஆவி இறங்கிருச்சா சகோதரி?”

“ஆவி போயிராம இருக்கத்தான் பாடுபடுறேன் பாஸ்டர்!”

கரும்பு வெட்டி முடிந்த சமயத்தில், ஒரு ஞாயிறு, அவள் வந்தாள். எங்களை நோக்கி ஒரு சிவப்பு உடுப்பு நுரை கிளப்பிக்கொண்டு வந்தது, நடுவில் நின்று இருமியது, மறுபடி வந்தது. வட்டத்தில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எங்கள் கடலில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“வந்துட்டேன்” என்றாள், தண்ணீரைத் துப்பி. நின்ற இடத்தில் நிற்கவே காலை உதைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

“சொல்லுக்கா. யாருக்காக?”

“ஆளுக்காக இல்லடி. வெளிய வரத்தான்.”

“எதுலேர்ந்து?”

“கடல்லேர்ந்து.”

கோரீன் சிரித்தாள். வெல்டா சிரிக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

“உள்ள வர்றது சுலபம். கடல் என்னை ஏந்திக்கும். திரும்பிப் போறப்ப, முழங்கால் தண்ணி வந்ததும், நூத்தி அறுபது கிலோவும் மொத்தமா மேல ஏறி உக்காந்துக்கும். ஒரு சின்ன அலை தட்டினாப் போதும், விழுந்துருவேன். எந்திரிக்க முடியாது. கைய ஊனி, முட்டி போட்டு, தவழ்ந்துதான் கரையேறுவேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு எல்லாரையும் முன்னாடி அனுப்பிருவேன். வெல்டாவுக்குக் கடல்னா உசுருன்னு சொல்லிக்கிட்டுப் போவீங்க. எட்டு வருஷம்டி. ஒருநாள் ஒரு சுற்றுலாக்காரன், ஆமை முட்டையிட வருதுன்னு பொண்டாட்டியக் கூப்பிட்டுப் படம் எடுத்தான்.”

கோரீனுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது, பாதியில் நின்றது. பிறகு வெல்டாவே, “நல்ல பெரிய ஆமைதான்டி” என்று சொல்லிச் சிரித்து, ஒரு வாய் கடலைக் குடித்தாள். நான் வானத்தைப் பார்த்தபடி மிதந்தேன். மல்லாந்து கிடக்கும்போது அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது.

சர்ச்சுக்கு நேரமாகிவிட்டதென்று கோரீனும் மற்றவர்களும் கரையேறினார்கள். வெல்டா கரைப் பக்கம் திரும்பினாள்.

“நீ வரலையா?”

“நீ போ. நான் இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்.”

ஒரு வருஷத்துக்கு மேலாகவே ஞாயிறுதோறும் நான் சொல்லும் பதில் அது. என் முழங்கால்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். வெல்டா நீந்திப் போனாள். ஆனால் கரையேறவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பி, கையை நீட்டினாள்.

“வாடி.”

“போன்னு சொன்னேன்ல.”

“நானும் அப்படித்தான் சொல்லுவேன்.”

“சனியனே, உனக்கு எப்படித் தெரியும்?”

“ஊருக்கு வந்த மொத ஞாயிறு அலுப்புன்னு பொய் சொல்லிட்டு மரத்துக்குப் பின்னால நின்னேன். தண்ணியில இறங்கப் பயமா இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் நீ தவழ்ந்து வெளிய வந்ததைப் பாத்தேன். இதைக் கரையில வச்சுச் சொல்லியிருந்தா என்னைக் கொன்னுருப்ப.”

கொன்றிருப்பேன்தான். அவளையும் அவள் வாழைப்பழ வயிற்றையும் சேர்த்து, வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். அவள் கையை மடக்கவில்லை. கரையில் கோரீன் துண்டோடு நின்றாள். டெய்ட்டன் டொமினோவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த அலை போகட்டும். இப்ப வா.”

நான் முழங்கால் தண்ணீர்வரை மிதந்து வந்து அவள் கையைப் பிடித்தேன். எல்லோரும் பார்க்க எழுந்து நின்றேன்.