லட்சியம் கேட்ட ஜவுளிக்கடை

லட்சியம் என்கிற வார்த்தையை நான் பள்ளிக்கூடத்துச் சுவரில்தான் பார்த்திருக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள். ஒரு ஜவுளிக்கடையில் உட்காரவைத்து அதை என்னிடமே கேட்பார்கள் என்று நினைத்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, புருஷன் செத்த பிறகு மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஒரே பெண் பிள்ளை. அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஆறாவது படித்துக்கொண்டிருந்தது. அந்தச் சொந்தக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. தாய் கீழே போய் ஒரு வேலையும் ஒரு அறையும் பிடித்தால் பிள்ளை படிக்கும். இல்லாவிட்டால் மலைக்கு வந்து ஆடு மேய்க்கும். அவ்வளவுதான் கணக்கு.

சேந்தமங்கலத்தில் ஒரு பாய் நடத்துகிற ஜவுளிக்கடையில் மத்தியானத்துக்கு மேல் நிற்க ஒரு பொம்பளை ஆள் தேடுகிறார்கள் என்று பஸ்ஸில் பேச்சு. நைட்டி, உள்பாவாடை, ரவிக்கைத் துணி வைத்திருக்கிற பக்கத்துக்கு.

“அரை நாள் வேலைதான் எனக்குத் தோது. காலைல புள்ளைக்கு ஆக்கிப் போட்டு அனுப்பிச்சுட்டுப் போலாம். நீங்க தொணைக்கு வாங்க அண்ணி,” என்றாள்.

“நானா? எனக்கு நாலு பேரப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும்.”

“நீங்க பேச வேண்டாம். பக்கத்துல நின்னாப் போதும்.”

அதனால் போனேன். மலைப்பாதை வளைவெல்லாம் பஸ்ஸில் இறங்கி வந்தோம்.

கடைக்குள் எங்களுக்கு முன்னால் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். மூன்று பேரும் அடிவாரத்துப் பிள்ளைகள், தலை நிறையப் பூ. பாய் கல்லாவில் இருந்தார். பக்கத்தில் ஒரு மேஜை போட்டு அவர் மகள் உட்கார்ந்திருந்தது. திருச்சியில் காலேஜ் படித்த பெண். கையில் ஒரு தாள், அதில் கேள்விகள். பேர், ஊர், படிப்பு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், “அஞ்சு வருஷத்துல நீங்க என்ன ஆகணும்னு நினைக்கிறீங்க? உங்க லட்சியம் என்ன?” என்று கேட்டது.

முதல் பெண் மேனேஜர் ஆவேன் என்றாள். இரண்டாவது பெண்ணும் மேனேஜர் என்றாள். மூன்றாவது பெண், “உசுரு இருக்கற வரைக்கும் இந்தக் கடையிலதானுங்க,” என்றாள்.

அவள் வெளியே போனதும் பாய் சிரித்தார். “நேத்துதான் அவங்கப்பா வந்து பட்டுச்சேலை எடுத்துட்டுப் போனாரு. வைகாசில கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூரு.”

அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. நான் சுவர் ஓரமாக நின்றேன். “நீங்களும் உக்காருங்கம்மா,” என்றது அந்தப் பெண். நானும் வேலைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் என்று முதலில் என்னையே கேட்டது.

“உங்க லட்சியம் என்னம்மா?”

“ஒண்ணும் நெனப்பு இல்லீங்க. பாக்கலாமுங்க.”

அது தாளில் பதில் எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுத்தது. பிறகு நாத்தனாரைக் கேட்டது. அவளும் என் மாதிரியே, யோசிக்காமல், “ஒண்ணும் நெனப்பு இல்லீங்க,” என்றாள். அங்கேயும் ஒரு கோடு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் மிளகு வாங்க வியாபாரிகள் வருவார்கள். வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, “அப்புறம், என்ன நெனப்புல இருக்கீங்க? எப்பத் தர்றீங்க?” என்பார்கள். அப்போது மனசில் இருப்பதைச் சொல்லிவிடக் கூடாது. கல்யாணம் வைத்திருக்கிறோம், கூரை மாற்றணும் என்று வாய் தவறினால் விலையை இறக்கிவிடுவார்கள். அதனால் வீட்டில் என்ன அவசரம் இருந்தாலும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, “ஒண்ணும் நெனப்பு இல்லீங்க, பாக்கலாமுங்க,” என்போம். சின்ன வயசிலிருந்து பழகின பேச்சு. வியாபாரி என்று ஒருத்தர் எதிரே உட்கார்ந்தாலே தானாக வந்துவிடும்.

பாய் தாளை எட்டிப் பார்த்தார். “மலைக்காரங்களுக்கு ஆசையே கிடையாதும்மா. நாலு நாள் வருவாங்க, பலாப்பழம் பழுத்தா மேல ஏறிருவாங்க,” என்று மகளிடம் சொன்னார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. எனக்குப் போதும், எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. நான் எழுந்தும் விட்டேன்.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. “இருங்கம்மா. நான் சொன்னது பொய்ங்க,” என்றாள்.

அந்தப் பெண் பேனாவை வைத்தது.

“மொளகு யாவாரிகிட்டச் சொல்றதையே இங்கயும் சொல்லிப்போட்டேன். எங்களுக்கு யாவாரின்னா நெனப்ப வெளிய உடக் கூடாது. நீங்க வாங்க வந்தவுங்க இல்லைன்னு இப்பத்தான் உறைச்சுதுங்க.”

பாய் பலமாகச் சிரித்தார். “சரி சாமி, அப்ப நெசத்தச் சொல்லு.”

“எம் புள்ள ஆறாவது. அது பன்னெண்டு முடிக்கற வரைக்கும் இந்த ஊர உட்டு நகர மாட்டேன். பலா பழுத்தாலும் போக மாட்டேன், அண்ணி பறிச்சுக்குவாங்க. அப்புறம் அது எங்க படிக்கப் போவுதோ, நானும் அங்க போயிருவேன். உசுரு இருக்கற வரைக்கும்னு சொல்ல எனக்கு வராதுங்க.”

“அது உங்க பொண்ணுக்கு. உங்களுக்கு என்ன ஆசை?” என்றது அந்தப் பெண்.

நாத்தனார் ரவிக்கைத் துணி அடுக்கையே பார்த்தாள். அவளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பத்து வருஷம் ஒரே அடுப்பில் பொங்கின நானும் கேட்டதில்லை.

“நீங்க ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போவீங்கல்ல, அப்ப நானும் வரணும்ங்க,” என்றாள் மெதுவாக.

“கொள்முதலுக்கா?”

“ஆமாங்க. இந்த அடுக்குல பாதி வெளிர் கலரு. செம்மண்ணுல வேலை செய்யறவ இத எடுத்து என்ன பண்ணுவா? மலையில இருந்து எறங்கி வர்றவ வாசல்ல நின்னு பாத்துட்டு, கேக்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருவா. நானே மூணு தடவ அப்படிப் போயிருக்கேன். நான் எடுத்தா அவுங்க உள்ள வருவாங்க.”

பாய் தாடியைத் தடவினார். “பொம்பள ஆள எப்படிக் கொள்முதலுக்குக் கூட்டிட்டுப் போறது?”

“நான் வர்றேன்ல அத்தா. நான் யாராம்?” என்றது மகள்.

அவர் எழுந்து அடுக்குப் பக்கம் போனார். ஒரு நைட்டியை எடுத்து நாத்தனாரிடம் கொடுத்து, “மொதல்ல இத மடி,” என்றார். அவள் பிறந்ததிலிருந்து நைட்டியைத் தொட்டதில்லை. கையை எங்கே மடக்குவது என்று தெரியாமல் காலிச் சாக்கைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக் கொடுத்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பாய், “திங்கக்கெழம ரெண்டு மணிக்கு வந்துரு. மடிக்கறத இது சொல்லித் தரும்,” என்றார்.

ஈரோட்டுக்கு அவளைக் கூட்டிப்போக இரண்டு வருஷம் ஆனது. ஆனால் கூட்டிப்போனார்கள். அடர்ந்த பச்சையும் அரக்குமாக அவள் எடுத்து வந்த துணியில் நானும் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டேன். ஒருத்தி, தான் சொன்னது பொய் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த அந்தத் தைரியத்தை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். என்னால் ஆகாது. எனக்குப் போட்ட கோடு கோடாகவே இருந்திருக்கும்.

அன்றைக்குக் கடையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மணி அடித்தது. பிள்ளை எங்களைப் பார்த்ததும் நடையைக் குறைத்துக்கொண்டது. மலைக்குக் கூட்டிப்போக வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டது போல.

“துணியெல்லாம் பையில கட்டி வெச்சுட்டேம்மா,” என்றது தலையைக் குனிந்துகொண்டு.

“போய் அவுத்து வை கண்ணு. அம்மா வாடகைக்கு ஊடு பாத்துட்டு வாரேன்.”