சொந்த சர்வரையே திருடன் என்ற ஃபயர்வால்

சத்தியவேட்டில் நின்று சத்தியமாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

இன்று எங்கள் ஃபேக்டரி ஃபயர்வால், சொந்த பில்லிங் சர்வரையே திருடன் என்று தடுத்துவிட்டது. பில் இல்லாமல் லாரிகள் தடா ஊர் வரை நின்றன. நெட்வொர்க் சக்கரவர்த்தியான நான், ஃபயர்வாலின் ஊடுருவல் தடுப்பையே மொத்தமாக அணைக்கப் போனேன்.

பக்கத்து சீட் யமுனா கத்தினாள்.

"இன்னாண்ணா பண்ணிக்கினு இருக்கற? நிஜத் திருடன் உள்ள பூந்து எல்லாத்தையும் துன்னுட்டுப் போவான்! தடுக்கறது ஒரே ரூலுதான். அதுல நம்ம சர்வருக்கு மட்டும் விலக்கு குடு."

கொடுத்தேன். பில் வந்தது, லாரிகள் கிளம்பின. தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள், அவள் தலையில். மேனேஜர் நீட்டிய திருமலை லட்டும் என் மேசையைத் தாண்டி அவளிடமே போனது.

வயிற்றெரிச்சலுக்கு விலக்கு போடத் தெரிந்தவர்கள் கமெண்டில் வரவும்.

லாரி இரண்டுதான். பூமாரி பொய். எரிச்சல் மட்டும் நிஜம்.