ஹம்சாக்காவிடம் புதிய தலைவர் கேட்டது

இன்று கொச்சங்காடி முனையில் கட்சியின் புதிய மாநிலத் தலைவருக்கு வரவேற்பு. மூன்று கட்சிகளைச் சுற்றிவிட்டுப் போன வருடம்தான் திரும்பி வந்தவர்.

கோஷம் போட வந்தவர் ஆட்டோ ஓட்டும் ஹம்சாக்கா (ஹம்சா இக்கா; இக்கா என்றால் மலையாளத்தில் அண்ணன்). அன்று இந்தத் தலைவர் கட்சியை உடைத்தபோது, இதே முனையில் "துரோகி" என்று கத்தி, இவருடைய ஆட்களிடம் அடி வாங்கி முன்பல்லை இழந்தவர்.

சாயாக் கடையில் கேட்டேன்: "இக்கா, இன்னிக்கு என்ன கோஷம்?"

"ராகம் அன்னிக்குப் போட்ட அதேதான் சாரே. துரோகிங்கிற இடத்துல நாயகன்னு போட்டா மதி, அது போதும்."

"மனசு வருதா?"

"கட்சி தீர்மானிச்சாச்சு. அந்த அடியைப் பத்தி அவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் மறந்துடுவேன்."

திறந்த ஜீப்பில் தலைவர் வந்தார். ஹம்சாக்கா மாலை போட்டார். தலைவர் கேமராவைப் பார்த்தபடியே அவர் தோளில் தட்டினார்.

"நம்ம பார்ட்டிக்குப் புதுசா?"

ஹம்சாக்கா வாயைத் திறந்தார். பல் போன இடம் தெரிந்தது. பிறகு கோஷம்தான் வந்தது, வழக்கத்தைவிடச் சத்தமாக.

கொள்கையை மறந்த தலைவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். இவர் மறப்பதற்குக் கொள்கை என்று ஒன்று இருந்ததில்லை. அதனால் ஆட்களை மறக்கிறார்.

நாளை பத்திரிகையில் தலைப்பு "உற்சாக வரவேற்பு". உங்களுக்கு வேறு தலைப்பு தோன்றினால் கீழே எழுதுங்கள்.