இரண்டாம் முறை கட்டிய பூ

பிறை முடித்த பெருமானே, ஆரூர் அமர்ந்த தியாகேசா... உன்னைப் பாடியே பழகிய நாவு இது. இன்று பாட்டல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறது. தடுக்காதே.

இன்று ஆனித் திருமஞ்சனம். உத்திரம் கூடிய நன்னாள். அம்பலவனுக்கு நீராட்டு முடிந்து, கோயிலிலிருந்து வந்த ஈரத் திருநீறு நெற்றியில் காய்வதற்கு முன்பே எழுத அமர்ந்துவிட்டேன். காய்ந்தால் மனம் மாறிவிடும் என்று அஞ்சினேன்.

ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய மருந்தை நான் திருப்பிவிட்டேன். அவள் இறந்தாள். அந்தப் பழியை இறைவன்மேல் சார்த்திவிட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவன் புகழையே பாடி வருகிறேன்!

இதை வாசிக்கும் நீ யாரென்று எனக்குத் தெரியாது. மருந்தியலோ பொதுச் சுகாதாரமோ பயிலும் மாணவனாக இருக்கலாம். ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கலாம். சென்ற மாதம் ஒரு கல்லூரியில் இன்றைய ஆய்வுத் தலைப்புகளைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேசினேன். வயல்வெயிலில் சிறுநீரகம் கெடும் கூலியாட்களைப் பற்றிப் பேசினேன். முடிவில் ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரைன்னு இப்பல்லாம் கம்ப்யூட்டர் பிரிச்சுக் குடுத்துடும். உங்க காலத்துல எப்படிப் பிரிச்சீங்க?”

“சீட்டுப் போட்டு” என்றேன். அவை சிரித்தது. நானும் சிரித்தேன்... அன்று முதல் எனக்கு உறக்கம் இல்லை.

சீட்டு அல்ல அது. பூ.

தஞ்சையில் ஒரு கல்லூரியில் மருந்தியல் கற்பித்து வந்தேன். திராவிடக் கட்சியின் ஆட்சி ஏற்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகை, அறுவடைக் கூலி என்று காவிரிப் படுகை முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த காலம். களத்துமேட்டில் செங்கொடி நட்டால் கதிர் அரிவாள் நின்றுவிடும், மறுநாள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள், அடிதடி நடக்கும்.

நடவுப் பெண்களிடம் இரத்தசோகை மிகுந்திருந்தது. கருவுற்ற நாளிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பேறுகாலம் எவ்வளவு நலமாகும் என்று கண்டறிவது எங்கள் ஆய்வு. குடவாசலுக்கு அப்பால் ஓர் ஊரை நானே தெரிவு செய்தேன். என் தங்கை கோமதி வாழ்க்கைப்பட்ட ஊர் அது. அவள் கணவர் மேலத்தெருவில் பெரிய பண்ணைக்காரர். கூலியாட்கள் குடியிருந்தது கீழத்தெரு.

ஒரு தெருவுக்கு இரும்பு மாத்திரை. மற்றொரு தெருவுக்கு மாவில் உருட்டி அதே சிவப்புப் பூச்சுப் பூசிய வெறும் மாத்திரை. இரண்டையும் என் கையாலேயே செய்தேன். எது எந்தத் தெருவுக்கு என்பதை மட்டும் மனிதர் எவரும் தீர்மானிக்கக் கூடாது. “காசைச் சுண்டிப் போடுங்க, போதும்” என்றார் பேராசிரியர்.

காசா? கருவிலிருக்கும் உயிர்களின் வழக்கைக் காசிடமா ஒப்படைப்பது? எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் பெண் எடுப்பதும் நிலம் வாங்குவதும் பூக்கட்டிப் பார்த்துத்தான். ஊர்ச் சிவன் கோயிலுக்குச் சென்றேன். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். குருக்கள் இரண்டையும் சுவாமி காலடியில் வைத்தார். அவருடைய சிறு பெண் ஒன்றை எடுத்தாள். எடுப்பது கீழத்தெருவுக்கு; சிவப்பு என்றால் மருந்து என்று முன்னமே வேண்டிக்கொண்டிருந்தேன்.

பிரித்தேன். அரளி!

இறைவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். மருந்து கீழத்தெருவுக்கு என்று என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

கோமதி அப்போது கருவுற்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “தலைய சுத்துதுண்ணே, உன் மாத்திரய எனக்குத்தான் மொதல்ல குடுக்கணும்” என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

“மனசு ஒன்றி வேண்டிக்கலை. இன்னொரு தரம் வைங்களேன்” என்றேன் குருக்களிடம்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “சுவாமிகிட்ட அப்பீலா?” என்று சிரித்தார். “உங்க இஷ்டம்.”

இரண்டாம் முறை வெள்ளை வந்தது. “உத்தரவாச்சு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தங்கைக்குக் கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். கொடுத்திருக்கலாம்! ஆய்வுக்குள் இருப்பவள் வெளி மாத்திரை உண்டால் விதி மீறல் ஆகுமே என்று அஞ்சினேன். பூவை மறுபடி வைத்தது மட்டும் எனக்கு மீறலாகத் தோன்றவில்லை... என்ன மனம் இது!

தங்கைக்காகத்தான் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. அந்தப் பருவத்தில்தான் கீழத்தெருவார் வேலைநிறுத்தம் செய்து, மைத்துனர் வயலில் முற்றிய கதிர் மழையில் சாய்ந்து முளைத்திருந்தது. அரளியைக் கண்டதும் என்னுள் எழுந்த முதற்சொல், ‘இவர்களுக்கா?’ என்பதே. நாள்தோறும் பதிகம் ஓதிய நெஞ்சுக்குள் அந்தச் சொல் இருந்தது.

கீழத்தெரு நடவுப் பெண்களுக்குத் தலைவி அஞ்சம்மாள். கொடி பிடித்துச் சிறை சென்று வந்தவள். வாய் ஓயாமல் கேலி பேசுபவள். அவள் மகள் வசந்தாவுக்கு அது தலைப்பிரசவம். ஒரு நாள் வாய்க்கால் கரையில் என்னைக் கண்டதும் அஞ்சம்மாள் நாற்று முடியும் கையுமாக நிமிர்ந்தாள்.

“ஏ புள்ளைங்களா, மாத்திர ஐயா வந்துட்டாரு, எல்லாரும் வாயத் தொறங்கடி!”

வயல் முழுவதும் சிரித்தது.

“ஐயா, ஒரு சந்தேகம். மேலத்தெரு அம்மாங்களுக்கு மாத்திர போட்டா கறுப்பாப் போவுதாமே, கொல்லைப்பக்கம் பேசிக்கிறாங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆவலையே! எங்க மாத்திர பயந்தாங்கொள்ளி போலிருக்கு.”

இரும்புச்சத்து உண்டால் மலம் கறுக்கும். சிரிப்பு அடங்கக் காத்திருந்து, வரப்பேறி என் அருகே வந்தாள். குரல் மாறியிருந்தது.

“வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. வசந்தாவுக்கு நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்கிது. அந்தத் தெரு மாத்திரையில கொஞ்சம் குடுங்களேன்.”

தோள்பையில் அந்த மாத்திரைப் புட்டி இருந்தது. கைவிட்டால் எடுத்துவிடலாம்.

“எது எந்தத் தெருவுக்குன்னு நான் முடிவு பண்ணல அஞ்சம்மா. சாமி முன்னாடி பூக்கட்டிப் பாத்தது. நடுவுல மாத்துனா எல்லாம் வீணாயிடும்.”

“அப்ப சாமியும் மேலத்தெருக்காரருதானா!” என்று சிரித்தாள். பிறகு சேற்றுக் கையை வாய்க்காலில் அலசியபடியே சொன்னாள்: “சரி விடுங்க. கூலின்னா சண்ட போட்டு வாங்கலாம். சாமிகிட்ட எந்தக் கொடியப் புடிக்கிறது?”

மற்ற எவரையும் நம்பாத அந்தப் பெண் என் சொல்லை நம்பினாள். நெற்றியில் திருநீறு இருந்தது, நம்பினாள்.

ஆய்வின் தூய்மை கெட்டுவிடும் என்று சொல்லித்தான் மறுத்தேன். எந்தத் தூய்மை? கோயிலிலேயே என் கையால் கெடுத்ததா?

அறுவடை தொடங்கிய வாரத்தில் வசந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. கட்டிலில் வைத்துச் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். திருவாரூர் சேரும் முன்பே அடங்கிவிட்டாள். கோமதி தன் குழந்தையோடு நலமாக எழுந்தாள்.

மாத்திரை உண்டிருந்தால் வசந்தா பிழைத்திருப்பாளா? உறுதியாகச் சொல்ல எந்த மருந்தியலாளனாலும் இயலாது. உடலில் இரத்தம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்... அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்த ஐயத்துக்குள்தான் இத்தனை ஆண்டுகள் ஒளிந்திருந்தேன். அதிலும் இப்போது இடமில்லை.

துக்கம் கேட்கச் சென்றபோது தலை நிமிர முடியாமல் நின்றேன். என்னைத் தேற்றியவள் அஞ்சம்மாள்!

“நீங்க என்னங்க செய்வீங்க? பூ அப்படி வந்துடுச்சு.”

அந்தக் கணத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தெருக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதினேன். பாராட்டினார்கள். பதவி உயர்ந்தது. மார்கழி தோறும் விடியலில் பாடினேன். கேட்டவர் கண் கலங்கினர்.

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு, சென்ற வாரம், அஞ்சம்மாளைத் தேடிச் சென்றேன். தொண்ணூறை ஒட்டிய வயது. செவி நன்றாகக் கேட்கிறது. வசந்தாவின் மகன் கூத்தாநல்லூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியனாம். அவன் கட்டிய வீட்டில் இருக்கிறாள். “மாத்திர ஐயாவா!” என்று கையைப் பற்றிக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அரளியைச் சொன்னேன். ‘இவர்களுக்கா’ என்று நினைத்ததையும் சொன்னேன்.

பற்றியிருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“இத எதுக்குங்க இப்ப எங்கிட்ட சொன்னீங்க?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன், அஞ்சம்மா.”

“சாமி எடுத்துக்கிச்சுன்னு நெனச்சு ஆறியிருந்தேன். திட்டணும்னா அதத் திட்டுவேன், அழணும்னா அதுகிட்ட அழுவேன். அதையும் வந்து புடுங்கிட்டீங்களே. இனிமே யாருகிட்ட போயி நிப்பேன் நான்?”

எழுந்து நின்றேன்.

“நீங்க நல்லாத் தூங்கணும்னு வந்திருக்கீங்க” என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். “கெளம்புங்க. பையன் வர்ற நேரம். அவன்கிட்ட வாயத் தொறந்துடாதீங்க. அவனாவது அம்மாவச் சாமி கூட்டிக்கிச்சுன்னே இருக்கட்டும்.”

வாசலில் ஒரு மிதிவண்டி வரும் ஓசை கேட்டது. அவனைக் காணத் துணிவின்றிக் கொல்லை வழியாக வெளியேறினேன்.

பிறகு இதை ஏன் எழுதுகிறேன்? அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தானே? பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஊர் அதே ஊர், பூ அதே பூ. ஆய்வு செய்பவர் அறியட்டும் என்பதற்காகவா? அல்லது அவள் சொன்னதுபோல என் உறக்கத்துக்காகத்தானா? ஒருமுறை அவளுக்குரிய மருந்தை எடுத்தேன். அடுத்து அவளுக்குரிய ஆறுதலை எடுத்தேன். இப்போது பேரனுடையதையும் எடுக்கிறேனோ... தெரியவில்லை. எழுதுவதை நிறுத்தவும் இயலவில்லை.

பள்ளி ஆசிரியன் புத்தகம் படிப்பவன். நீ அவனாகவும் இருக்கலாம். அப்படியானால், தம்பி, உன் தாயைச் சாமி கூட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியதைச் சாமி கொடுத்தது. நான் தரவில்லை.

இதை வாசிப்போர் யாவரும் நோயின்றி வாழ்க. உங்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்று, நலமாய் எழுந்து நடந்து, அந்தப் பிள்ளைகள் வளர்வதைக் கண்ணாரக் காண்க. இவ்வாறு வாழ்த்தும் தகுதி இழந்த வாய் இது. ஆயினும் வாழ்த்துகிறேன்.