ஏழு அடியும் இரண்டு காலும்

பாஸ்கல் வாத்தியாரின் இளைய மகள் ரூபி, 1996ஆம் ஆண்டு திண்டுக்கல்லில் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியொன்றில் தற்காலிக இசையாசிரியராகச் சேர்ந்தார். தாளம் கற்பிப்பது அவர் பொறுப்பு. பாட்டு, மூத்த ஆசிரியர் ராயப்பராஜின் பொறுப்பு. இருவரும் பகைத்துக்கொள்ள ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

பாட்டுக்குத் தாளம் போட ராயப்பராஜ் இருபது ஆண்டுகளாக ஒரே முறையைக் கையாண்டவர். நாற்பது பேரும் சம்மணமிட்டு அமர்ந்து தொடையில் ஒன்றாகத் தட்ட வேண்டும். தவறியவர் முழங்கையில் பிரம்பு விழும். ரூபியோ பிள்ளைக்கொரு வழி வைத்திருந்தார். பேகம்பூர் சைதூன் தாளச் சொற்கட்டை ஒருமுறை கேட்டால் போதும், கண்ணை மூடித் திருப்பிச் சொல்லிவிடுவாள். ஜெரின் கட்டம் போட்ட நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் நம்புவாள். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிய ஜீவிதாவுக்குக் காதும் உதவவில்லை, நோட்டும் உதவவில்லை. கூடத்தைச் சுற்றி நடக்க விட்டபோதுதான் அவளுக்குத் தாளம் பிடிபட்டது.

"இது தாள வகுப்பா, போலீஸ் கவாத்தா?" என்று ராயப்பராஜ் சன்னல் வழியே கேட்பார். "ஒண்ணு மொணங்குது, ஒண்ணு கட்டம் போடுது, ஒண்ணு வரப்புல போற மாதிரி நடக்குது. நல்லா இருக்கும்மா ஒம் பள்ளிக்கூடம்."

"உங்க வகுப்புல பிரம்பு மட்டுந்தானே சார் தாளம் தப்பாம அடிக்குது" என்பார் ரூபி.

இரண்டாண்டு கழித்து, பணியை நிரந்தரமாக்கும் முன் பள்ளித் தாளாளரான சிஸ்டர் வகுப்பைப் பார்வையிட வந்தார். ராயப்பராஜும் உடன் வந்தார். அன்று ஏழு எண்ணிக்கை கொண்ட மிசுர சாப்புத் தாளம். சைதூனும் ஜெரினும் பிசகாமல் செய்தார்கள். ஜீவிதா எழுந்து, எழுத்துக்கு ஓர் அடியாக, "தகிட தகதிமி" என்று சொல்லியபடி நடந்தாள்.

"நிறுத்து பிள்ள!" என்றார் ராயப்பராஜ். "பாத்தீங்களா சிஸ்டர்? மொதத் தடவ வலது கால்ல எடுத்தா, இப்ப இடது கால்ல எடுக்குறா. எடுப்பே தெரியல. ரெண்டு வருசமா இதத்தான் சொல்லிக் குடுத்திருக்காக."

"இல்ல சார், அப்படித்தான் வருது..." ஜீவிதாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"வாய மூடு."

"அவ தப்பில்ல சார்" என்றார் ரூபி. "நீங்களே நடந்து பாருங்க. வலது கால்ல எடுங்க."

சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் ராயப்பராஜால் மறுக்க முடியவில்லை. நடந்தார். கையால் மட்டுமே தாளம் போட்டவருக்கு ஒன்று புலப்பட்டிருக்கவில்லை. ஏழு ஒற்றைப்படை, வலது காலில் தொடங்கும் சுற்று வலது காலிலேயே முடியும், அடுத்த சுற்று இடது காலில்தான் தொடங்கும். எட்டாம் அடியில் அவருடைய இடது கால் முன்னே வந்து, தரையைத் தொடாமல் நின்றது. வகுப்பு சிரித்தது.

ரூபி அத்தோடு விட்டிருக்கலாம்.

"இருபது வருசமாத் தொடையத் தட்டினீங்க. ஒரு நாளாச்சும் நடந்து பாத்திருக்கலாம்ல சார்?"

அலுவலகத்தில் இருவரையும் உட்காரவைத்து, சிஸ்டர் ரூபியின் பணி உத்தரவை மேசைமேல் எடுத்து வைத்தார். "கணக்கு உங்க பக்கந்தான் டீச்சர். ஆனா மூத்தவரப் பிள்ளைங்க சிரிக்கும்படி பண்ணிட்டீங்க. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

"அவரு ஜீவிதாகிட்டக் கேக்கட்டும் சிஸ்டர். அடுத்த நிமிசம் நான் அவருகிட்டக் கேக்குறேன்."

"பன்னெண்டு வயசுப் பிள்ளகிட்ட நான் மன்னிப்புக் கேக்கவா?" ராயப்பராஜ் எழுந்துவிட்டார். "அம்புட்டுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல."

"நானும் போகல சார்."

சிஸ்டர் உத்தரவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

பள்ளி வேலை போனதும், பேகம்பூரில் சைதூன் வீட்டு மாடியில் ரூபி வகுப்புத் தொடங்கினார். அதைப் பத்தாண்டு நடத்தினார். சைதூனும் ஜெரினும் மாலையில் வந்தார்கள். விடுதிப் பெண்ணான ஜீவிதாவுக்கு வெளியே வர அனுமதியில்லை. அவள் ராயப்பராஜின் வகுப்பில் சம்மணமிட்டு அமர்ந்து அடி வாங்கினாள். ஓராண்டுக்குள் இசையை விட்டுத் தையல் வகுப்புக்கு மாறினாள்.

செய்தியைக் கொண்டுவந்த சைதூன், "ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா அவ நம்மகூட இருந்திருப்பால்ல டீச்சர்?" என்றாள்.

"கேட்டிருந்தா, அவ தப்பா நடந்தான்னு ஆயிருக்கும்" என்று எரிந்து விழுந்தார் ரூபி. அன்று வகுப்பு நடக்கவில்லை.