பாதை எழுதாமல் கிரயம் முடிக்காத அக்கா

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். அட்டையில் அவர் படத்தை அச்சகத்தார் அழகாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு கையில் கைபேசி, மறு கையில் குடை, காலில் வயல் மண். அதுதான் எங்கள் அக்கா.

அக்கா நிலத் தரகர். மலரில் 'சமூக சேவகி' என்று போடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் மறுத்தேன். மனை வாங்கவும் விற்கவும் ஆள் சேர்த்துவிடுவதுதான் என் தொழில் என்று அவர் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டவர். அவர் ஒளிக்காததை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

துக்க வீட்டில் நடந்த ஒரு பேச்சுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா மகன் அண்ணனும் இதே தொழிலில் இருப்பவர். திண்டுக்கல்லைச் சுற்றி அவர் பெயர்ப்பலகை இல்லாத சாலை குறைவு. அக்காவோடு இந்தத் தொழிலில் கூடவே அலைந்த தங்கை நான். அன்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எடத்தக் காட்டணும், பேசி முடிக்கணும், ரிஜிஸ்டர் ஆச்சுன்னா கெளம்பி வந்துறணும். அம்புட்டுத்தான் நம்ம வேலை. இவ ஊரார் பாரத்தையெல்லாம் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனா. உடம்பு என்னத்துக்கு ஆகும்? நீயாச்சும் இத விட்டுரு தங்கச்சி."

அன்று எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா கண்மூடிய வேளையில் ஒரு கிரயம் பாதியில் நின்றிருந்தது. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை செய்யும் செல்வி, முருகேசன் தம்பதியின் மனை அது. அதை என்ன செய்வது என்ற கேள்விக்கும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கும் அக்காவின் வாழ்க்கையைத்தான் நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பூ விவசாயம் செய்த குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். பள்ளி இறுதி வரை படித்தார். திண்டுக்கல்லில் மில் பேருந்து ஓட்டிய அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். வாடகை வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டதில் ரோஷம் வந்து, இருவரும் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கினார்கள். தரகர் காட்டினார், பேசினார், பதிவும் முடிந்தது. வீடு கட்ட முதல் லோடு செங்கல் போனபோது முன் வயல்காரர் வண்டியை மறித்தார். "இது என் வயலு. வழி எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார். பத்திரத்தில் மனை இருந்தது. மனைக்குப் போகும் பாதை இல்லை.

அக்கா தரகரைத் தேடிப் போனார். அவர் வாசலில் நின்றபடியே, "ரிஜிஸ்டர் ஆச்சுல்ல தாயி. அதோட என் வேலை முடிஞ்சுச்சு. நீங்களாச்சு, அவராச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்த வீட்டுக்கான செங்கல்லை அக்காவும் அத்தானும் வரப்பு வழியே தலைச்சுமையாகச் சுமந்தார்கள். விடுமுறைக்குப் போயிருந்த நானும் சுமந்தேன். மழைக்காலத்தில் வழுக்கி விழாத நாளில்லை. முன் வயல்காரரிடம் அக்கா சண்டைக்குப் போகவில்லை. போய்ப் போய்ப் பேசினார். அவருடைய கீழ்க்காட்டுப் புஞ்சை நிலத்தை வாங்க ஆள் கிடைக்கவில்லை என்று அந்தப் பேச்சில் தெரிந்தது. அத்தானின் பேருந்தில் வந்த ஒரு மேஸ்திரிக்குக் காடு தேவைப்பட்டது. அக்கா இருவரையும் சேர்த்துவைத்து, கூடவே அலைந்து கிரயத்தை முடித்துக் கொடுத்தார். "கமிஷன் என்னம்மா வேணும்?" என்று கேட்ட வயல்காரரிடம், "பாதையை எழுதிக் குடுங்கண்ணே" என்றார். அவரும் எழுதிக் கொடுத்தார். அக்கா முடித்த முதல் கிரயம் அது. பிறகு அத்தானுக்குக் கண் பார்வை குறைந்து பேருந்தை விட வேண்டி வந்தபோது, அந்தத் தொழில்தான் குடும்பத்தைத் தாங்கியது. அத்தானும் போனபின் அக்காவைத் தளராமல் நிற்க வைத்ததும் அதுதான்.

அவர் வேலை செய்யும் விதம் உங்களில் பலருக்கும் தெரியும். பலர் அதில் மாட்டிக்கொண்டவர்கள்! முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்குபவரையும் விற்பவரையும் நான்கு மால், அதாவது நான்கு எல்லையும் நடக்க வைப்பார். பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிட்டு ஒவ்வொரு எல்லைக்கல்லிடமும் நிற்கச் செய்வார். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை நடக்க வேண்டும், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க. வெள்ளைச் சட்டையோடு வந்த ஒரு வங்கி மேலாளர் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு காரில் ஏறினார். பதிவு முடிந்ததும் அக்கா கிளம்பிவிட மாட்டார். பட்டா மாறும் வரை கூடவே போவார். மின் இணைப்புக்கும் போவார். புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் அங்கே பால் பொங்க வேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அண்ணன் இதைப் படித்துக்கொண்டே, "அதத்தான் நானும் சொல்றேன்" என்று முணுமுணுப்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் என்பதை அக்காவே ஒப்புக்கொண்ட நாள் ஒன்று உண்டு.

கொடைரோடு பக்கம் ஓர் அண்ணனும் தங்கையும் தங்கள் இருவருக்கும் பொதுவான நிலத்தை விற்க அக்காவிடம் வந்தார்கள். தங்கையின் பெயர் பேச்சியம்மாள், கணவரை இழந்தவர். வாங்குபவரிடம் பேசுவது முதல் பத்திர வாசகம் வரை அக்காவே பார்த்துக்கொண்டார். பேச்சியம்மாள் வாயைத் திறக்கும் முன்பே, "அது நான் பாத்துக்கிறேன்மா" என்று சொல்லிவிடுவார். பதிவு நாளன்று சார்பதிவாளர், "எழுதிக் குடுக்கச் சம்மதம்தானம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார். "அக்காவக் கேளுங்க சார். அவுகளுக்குத்தேன் எல்லாம் தெரியும்" என்றார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் முகம் மட்டும் கறுத்துவிட்டது. "இன்னைக்கு வேண்டாம் சார், இன்னொரு நாள் வாரோம்" என்று எழுந்துவிட்டார். வாங்க வந்தவர் கத்தினார். "நீங்க தரகரா, இந்தம்மாவுக்கு மாமியாரா?" என்று கேட்டார். அக்கா பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெளியே டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்? நீங்க சொல்லுங்க" என்றார். அந்த அம்மாள் சொன்னார்: "அந்த வடக்கு மூலைய மட்டும் விட்டுருங்க தாயி. எங்க வீட்டுக்காரர அங்கதேன் அடக்கம் பண்ணியிருக்கு."

அந்தச் சமாதியை அக்கா பார்த்திருந்தார். வாங்குபவர் அதைத் தொடமாட்டார் என்று வாய்வார்த்தையும் வாங்கியிருந்தார். ஆனால் நிலத்துக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு வடக்கு மூலையையும் அதற்குப் போகும் வழியையும் ஒதுக்கி எழுதித்தான் அந்தக் கிரயம் முடிந்தது. அன்று மாலை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த அக்கா, "நாம கூடத்தாண்டி போகணும். எம்புட்டுத் தூரம்னாலும் போகணும். ஆனா வாயை அவுகதான் தொறக்கணும். நான் அந்தம்மா வாயைப் பொத்திட்டேன்" என்றார். முதுகுக்குப் பின்னால் அவர் அழுதது எனக்குத் தெரிந்தது.

அதன்பின் அவர் நெருக்கம் குறையவில்லை, விதம்தான் மாறியது. யாருடைய மூலப் பத்திரத்தையும் வீட்டில் வாங்கி வைக்க மாட்டார். வெளிநாட்டில் இருந்த ஒருவர், தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அக்கா பெயருக்கே எழுதித் தருவதாகச் சொன்னார். பல தரகர்கள் அப்படி வாங்கிக்கொள்வது வழக்கம்தான். அக்கா தொலைபேசியில் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது: "வேண்டாம் தம்பி. நீங்க வாங்க, இல்லாட்டி உங்க வீட்டு ஆளு வரட்டும். நான் கூட வாரேன். உங்களுக்குப் பதிலா வர மாட்டேன்."

சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களிலும் அவர் செல்வியின் மனையை விடவில்லை. நிலத்துக்காரர் பெரியவர் நல்லவர். அவர் மகன்தான், "பாதையை எதுக்கு எழுதணும்? எங்க நெலந்தானே, நாங்க மறிக்கவா போறோம்?" என்று இழுத்தடித்தார். அக்கா படுக்கையிலிருந்தே விடாமல் பேசினார். "செல்விக்குப் பாதை எழுதச் சம்மதிச்சாங்களாடி?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். தெளிவாகப் பேசியது அதுவே கடைசி.

காரியம் முடிந்ததும் பெரியவரின் மகனிடமிருந்து போன் வந்தது. பாதை இல்லாமல் என்றால் உடனே பதிவு, இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்றார். செல்வியும் முருகேசனும் ஆலைச் சீருடையோடு ஓடி வந்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். மனை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் செல்வியின் முகத்தில் அப்படியே தெரிந்தது. "எங்களுக்கு என்னக்கா தெரியும்? நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க. நீங்க சரின்னா நாங்களும் சரி" என்றாள்.

'வேண்டாம்' என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. 'வாங்குறவங்களே ஒத்துக்கிட்டா உனக்கென்ன?' என்று அண்ணன் கேட்பதும் காதில் விழுந்தது. நான் இரண்டையும் செய்யவில்லை. இருவரையும் அக்காவின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். இப்போதுள்ள பாதை வழியாக இல்லை, செங்கல் சுமந்த அந்தப் பழைய வரப்பு வழியாக. முந்தின நாள் மழை பெய்திருந்தது. முருகேசன் வழுக்கி விழுந்து எழுந்தார். வீட்டு வாசலில் வைத்து அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். "அவங்க நல்லவங்களாவே இருக்கலாம். பாதை இல்லாம வாங்குறதும் விடுறதும் உங்க இஷ்டம். எதுன்னாலும் நான் கூட வாரேன்" என்று சொல்லிவிட்டு, தள்ளிப் போய்க் கொய்யா மரத்தடியில் நின்றேன். கூப்பிட்டு முடிவைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

செல்வி சேற்றுக் காலோடு என்னிடம் வந்தாள். "பெரியவருகிட்ட நானே பேசுறேன்க்கா. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றாள். அப்படியே செய்தாள். "அய்யா, நீங்க இருக்கவரைக்கும் மறிக்க மாட்டீங்க. எங்க பிள்ளைக காலத்துல யாரு கண்டா? எழுதிக் குடுத்தா வாங்குறோம், இல்லாட்டி வேற பாத்துக்கிறோம்" என்று அவள் சொன்னபோது குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிள்ளை கேக்குறது நியாயந்தானப்பா. எழுதிக் குடு" என்றார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஊசி போடும்போதெல்லாம் அவர் கைபேசியைப் பிடுங்கி வைத்துத் திட்டிய செவிலியருக்கும், அழைத்த நேரத்தில் வந்த ஆட்டோக்காரர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் கடையடைத்து நடந்த பத்திர எழுத்தர்களுக்கும், அக்கா முடித்துக் கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் வந்து நின்ற குடும்பங்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மருத்துவமனைக்குத் தன் காரிலேயே அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அண்ணன்தான். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அண்ணே, இந்தத் தொழிலை நான் விடப் போவதில்லை. அக்காவின் குடை இப்போது என் வண்டியில் இருக்கிறது. நான்கு மாலும் நடப்பேன், மழைக்கு மறுநாளும் நடப்பேன், பால் பொங்கும் வரை கூட இருப்பேன். உடம்பு என்னத்துக்கு ஆகுமோ, ஆகட்டும்.

கடைசி நன்றி செல்விக்கு. பதிவு நாளன்று சார்பதிவாளர், "எல்லாம் படிச்சுப் பாத்துட்டீங்களாம்மா? சம்மதந்தானே?" என்று அவளைக் கேட்டார். பேச்சியம்மாள் நின்ற அதே மாதிரி நின்று, அவள் என் பக்கம் திரும்புவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் தலை குனிந்து தரையைப் பார்த்தேன். பிறகு என் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"சம்மதம் சார். ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, அந்தப் பாதையைப் பத்தி எழுதியிருக்கிறத மட்டும் எனக்கு ஒருவாட்டி வாசிச்சுக் காட்டுங்க."